பள்ளம் விழாத மெத்தை

"மெத்துனு வேணுமா, கெட்டியா வேணுமா? படுத்துப் பாருங்கக்கா. மேல டாப்பர்னு ஒரு மெல்லிசு மெத்தை போட்டா எத்தினி வருசமானாலும் பள்ளமே விழாது" என்றார் மணவாள நகர் மெத்தைக் கடைக்காரர்.

படுத்தேன். கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டின் இலவம்பஞ்சு மெத்தை நினைவுக்கு வந்தது. அம்மாவுக்குக் கம்பெனியில் பகல் ஷிப்ட், அப்பாவுக்கு இரவு ஷிப்ட். அவள் கிளம்பும் நேரத்தில் அவர் இரும்புத்தூள் வாசனையோடு வந்து, அவள் படுத்திருந்த பள்ளத்திலேயே சரிவார்.

"இன்னும் சூடாத்தான் கீது" என்பார்.

"சோறு மூடி வச்சிக்கீறேன். துன்னுட்டுத் தூங்குய்யா" என்பாள் அம்மா, செருப்பை மாட்டியபடியே.

"எத்தினி பேருக்குக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு மட்டுந்தான்."

எழுந்து, நான் படுத்த இடத்தைத் தடவினேன். அதற்குள் சமமாகியிருந்தது, யாருமே படுக்காதது போல.