தறி மிதித்த கால்

நான் ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் உதைத்திருக்கிறேன். உதைத்தபோது நானும் பிரசவ மேசையில்தான் கிடந்தேன். என்னைப் பாவி என்று சொல்ல நினைப்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னால் போதும்.

எங்கள் வீடு ஐயம்பேட்டையில். நானும் என் கணவரும் பட்டுத்தறியில் உட்காருகிறவர்கள். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு இழைக்கும் ஒரு முறை மிதிக்கட்டையை அழுத்த வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை வலது காலுக்கு இதுதான் வேலை. அதனால் எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. தறி மிதிக்கிறவளுக்குச் சுகப்பிரசவம்தான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் பிள்ளை வந்து விழும். இதை முதலில் சொன்ன மகராசி பிள்ளை பெற்றவள்தானா என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

நானும் நம்பினேன். நம்பியதோடு விடவில்லை, திமிராகவும் பேசினேன். ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்ற பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து, "உனக்கு இன்னா, மயக்க ஊசி போட்டுக்கினு தூங்கி எழுந்து புள்ளைய வாங்கிக்கினு வந்துட்ட" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவும் இல்லை.

ஒன்பதாம் மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, குழந்தை முகம் மேல்பக்கமாக இருக்கிறது, தானாகத் திரும்பாவிட்டால் ரொம்பக் கஷ்டப்படும், ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமியார் தறியை நிறுத்தாமலே சிரித்தார். "தறி மிதிக்கிற காலுக்கு ஆபரேஷனா? அந்தம்மாவுக்கு இன்னா தெரியும்?" நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மறுநாளும் தறியில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பனிக்குடம் உடைந்தது. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் திட்டிவிட்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுவீர்கள். பிரசவ வார்டு வாசலில் மாமியார் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "தறி மிதிச்ச பொண்ணு சிஸ்டர். பயப்படாம நல்லா வேலை வாங்குங்க, தானா வந்துரும்" என்றார். என்னை அக்கறையோடுதான் ஒப்படைத்தார். அதை மறுக்க மாட்டேன்.

உள்ளே போனதும் புடவையை உருவினார்கள். எனிமா கொடுத்தார்கள், பிளேடு வைத்து வழித்தார்கள், இரும்பு மேசையில் ஏற்றினார்கள். ட்ரிப்ஸில் வலி ஊசி ஏறியது. அதற்கு முன்னால் வந்ததையா வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! இடுப்பை யாரோ இரண்டு கையாலும் பிடித்து முறுக்குகிற மாதிரி இருந்தது. பக்கத்து மேசையில் சின்னப் பெண் ஒருத்தி. கத்தினால் தொடையில் அறை விழும். கத்தாமல் பல்லைக் கடித்தால், "வலியே வரலையா? நடிக்கிறியா?" என்று அதற்கும் ஓர் அறை விழும். அடுத்தது நான்தான் என்று தெரிந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அறைந்தவள், வாசலில் மாமியார் கையைப் பிடித்துப் பேசிய அந்த சிஸ்டர்தான். கனத்த உடம்பு, கழுத்திலிருந்து முழங்கால் வரை தொங்கும் பிளாஸ்டிக் ஏப்ரன். "பத்து மாசத்துக்கு முன்னாடி கத்தினியா? அப்ப மட்டும் இனிச்சுதா?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை, பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று போகிற மாதிரி கேட்டுக்கொண்டே போனாள். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் ஆயிற்று. பிள்ளை இறங்கவில்லை. சின்ன வயசு டாக்டர் ஒருவர் இரண்டு முறை வந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் கையை உள்ளே விட்டுப் பார்த்தார், கையுறையைக் கழற்றி எறிந்தார், போனார். இரண்டாம் முறை நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "டாக்டர், ஆபரேஷன் பண்ணிடுங்க. முகம் மேல இருக்குதுன்னு ஸ்கேன்ல சொன்னாங்க." அவர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் என் கையைத் தட்டிவிட்டாள். "தறிக்காரிதான் சார். அவங்க மாமியாரே சொல்லிட்டாங்க. நான் எடுத்துடறேன்."

என் வீட்டுத் தெருவின் திமிர் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. நான் பேசிய பேச்சுதான் அது. யாரைத் திட்டுவது?

வார்டில் எடுபிடி வேலை பார்க்கிற ஆயாம்மா ஸ்டூலில் ஏறினாள். முழங்கையை மடக்கி, என் மேல்வயிற்றில் வைத்து, உடம்புப் பாரத்தையெல்லாம் இறக்கி அமுக்கினாள். மூச்சு நின்றது. விலா எலும்பு போய்விட்டது என்றே நினைத்தேன். "இன்னொரு வாட்டி" என்றாள் சிஸ்டர். இன்னொரு வாட்டியும் அமுக்கினாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது, என் நாக்கை நானே கடித்திருந்தேன்.

சிஸ்டர் என் வலது பாதத்தைத் தூக்கித் தன் இடுப்பில் முட்டுக்கொடுத்து வைத்தாள். "தறியில மிதிக்கிற மாதிரி மிதிச்சுக்கினு முக்குடி." மிதித்தேன், முக்கினேன், கத்தினேன். "கத்தாதடி!" தொடையில் பளீரென்று ஓர் அறை. அது அடங்குவதற்குள் கத்தரிக்கோல் உள்ளே போய்ச் சதையை வெட்டியது. மரத்துப்போகிற ஊசி இல்லை, வெட்டப்போகிறேன் என்ற ஒரு வார்த்தைகூட இல்லை. வெட்டுகிற சத்தம் காதில் கேட்டது.

என் கால் அவள் இடுப்பிலிருந்து நகர்ந்தது. உதைத்தேன். தெரியாமல் பட்டது என்று நானும் பல நாள் சொல்லிப் பார்த்தேன். பொய். கொல்ல வேண்டும் என்றுதான் உதைத்தேன். பத்து வருஷம் தறி மிதித்த கால் முழு பலத்தோடு அவள் அடிவயிற்றில் போய் இறங்கியது. அவள் பின்னால் தடுமாறித் தட்டின் மேல் விழுந்தாள். கத்தரியும் கிண்ணமும் தரையில் சிதறின.

"ஐயோ, அவங்களுக்கு அஞ்சு மாசம்டி!" என்று ஆயாம்மா அலறினாள்.

சிஸ்டர் இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. இனி என்னை அங்கேயே அடித்துக் கொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி வந்தாள். புதுக் கையுறை மாட்டிக்கொண்டாள். "முக்கு" என்று மட்டும் சொன்னாள்.

முக்கினேன். வானத்தைப் பார்த்த முகத்தோடு, நீலம் பாய்ந்து, என் மகள் வந்தாள். சத்தம் இல்லை. அவள்தான் வாயைத் துடைத்து, சளியை உறிஞ்சி, உள்ளங்காலைத் தட்டித் தட்டி அழவைத்தாள். அப்புறம் எனக்குத் தையல் போட்டாள். ஊசி தாறுமாறாக ஏறி இறங்கியது. பழி தீர்க்கிறாளா, கைதான் நடுங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் என் தொடையில் ஐந்து விரலும் பதிந்திருந்ததைப் பார்த்தேன். சிஸ்டரைக் காணவில்லை. ஆயாம்மாவிடம் கேட்டேன். "ரத்தம் பட்டுக்கினே இருக்குதாம். படுத்தே இருக்கணும்னுட்டாங்க. தங்குமா தங்காதானு தெரியலையாம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதைத்ததை மேலே யாரிடமும் அவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறைந்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார். "நான்தான் சொன்னேனே, தறி மிதிச்ச காலு. சுகப்பிரசவம்!" சுகமாம். உட்கார முடியாமல் ஒருக்களித்துப் படுத்திருந்த நான், கைக்கெட்டிய பத்தியக் குழம்புக் கிண்ணத்தைச் சுவரில் வீசியடித்தேன். "இன்னொரு வாட்டி சுகம்னு சொன்னீங்கன்னா பாருங்க அத்தை!" கறை இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது. மாமியார் அதன் பிறகு அந்தச் சொல்லை எடுத்ததில்லை.

மூன்று மாதம் கழித்துத் தறியில் உட்கார்ந்தேன். மிதிக்கட்டையை அழுத்தும்போதெல்லாம் பாதத்துக்கு அந்த வயிற்றின் மெத்தென்ற இடம் ஞாபகம் வந்தது. என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பிள்ளைக்காக அழுதேன். அவளை நினைத்தால் கோபமும் வந்தது, பயமும் வந்தது. இரண்டில் ஒன்றாவது போயிருந்தால் தூங்கியிருப்பேன். தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் அதே ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைத் தேடினேன். ஒன்றரை மாத ஊசிக்கு அவள் இல்லை. இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இல்லை. லீவு என்றார்கள். ஏன் லீவு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்பதாம் மாத ஊசிக்குப் போனபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஏப்ரன் இல்லை, நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டா. மடியில் குழந்தை. கொழுகொழுவென்று ஒரு பையன், கையைச் சப்பிக்கொண்டிருந்தான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது.

"காலு எப்படி இருக்குது?" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். "மன்னிச்சிடுங்க சிஸ்டர்." அவள் பையனின் சட்டையை இழுத்துவிட்டாள். "பிரசவம் நல்லபடியா ஆச்சா?" என்று கேட்டேன்.

"ஆபரேஷன்."

"நான் உதைச்சதாலயா?"

"உன்னால இல்லமா. ரத்தம் ரெண்டு வாரத்துல நின்னுடுச்சு. புள்ள நல்லாத்தான் இருந்தான். நானே கேட்டுப் பண்ணிக்கினேன். வேற ஆஸ்பத்திரில, வலி வர்றதுக்கு முன்னாடியே."

"ஏன்?"

"அந்த டேபிள்ல நான் படுக்க மாட்டேன். அங்க நாங்க இன்னா பண்றோம்னு எனக்குத் தெரியாதா?"

மன்னிப்புக் கேட்டது நான்தான். அவள் கேட்கவில்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்துபோய் மகளின் தொடையைப் பிடித்துக் காட்டினேன். ஊசி ஏறியதும் வீறிட்டாள். மூச்சடைத்துக் கத்தினாள். "கத்தாத, கத்தாதடி" என்று தட்டிக்கொண்டே பெஞ்சுக்குத் திரும்பினேன்.

"கத்தட்டும் விடுமா" என்றாள் சிஸ்டர். "வலிச்சா கத்தத்தான் செய்வாங்க."

என் கை அப்படியே நின்றது. "இதை அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். அவள் தன் பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். என் மகள் கத்தி முடிக்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.