பச்சைக் கட்டடத்துக்கு எதிர்ச் சந்து

பேருந்தை விட்டு இறங்கியதுமே தையல்காரிக்கு இந்த நகரத்தைப் பிடிக்கவில்லை. நின்று பார்க்க விட்டால்தானே பிடிப்பதற்கு! ஒரு பக்கம் பள்ளம் தோண்டுகிறார்கள், மறுபக்கம் மேம்பாலத்துக்குத் தூண் எழுப்புகிறார்கள், நடுவில் கிடைத்த இடத்தில் ஊரே தலைதெறிக்க ஓடுகிறது. சாலையைக் கடக்கக் காலெடுத்து வைப்பதும் பின்வாங்குவதுமாகவே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அவள் வீட்டுக்காரர் இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. "மேல ஏறுறதெல்லாம் சின்னப் பசங்க. நான் கீழ உக்காந்து கலர் கலக்குறதோட சரி" என்பார் போனில். "நானும் பாப்பாவும் எப்ப வர்றது?" என்று அவள் கேட்டால் மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று மழுப்புவார். என்னத்தை மறைக்கிறார் இந்த மனிதர்? யோசித்து யோசித்து அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. மகளை அக்காவிடம் விட்டுவிட்டு, நேரில் பார்த்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவதென்று சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள்.

அறைக்கு அவர் எப்போதோ சொன்ன அடையாளம் ஒன்றுதான். "பச்சைக் கட்டடத்துக்கு எதிர்ச் சந்து. கண்ண மூடிட்டு வரலாம்."

கண்ணைத் திறந்துகொண்டு அலைந்தும் கிடைக்கவில்லை. கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது, பாதி இடித்த கட்டடம் இருக்கிறது, பச்சையை மட்டும் காணோம். போனும் வழியிலேயே செத்துவிட்டது. கடைசியில் ஒரு டீக்கடை அண்ணனிடம் கேட்டாள்.

"பச்சைக் கட்டடமா? அதோ, அதான்மா. போன வாரத்துலேர்ந்து எதிர்ச் சந்துல தங்கியிருக்கிற பெயின்ட் ஆளுங்கதான் வெள்ளை அடிச்சிக்கிட்டு இருக்காங்க."

அறைக்கு அடையாளம் சொன்ன பச்சையைத் தானே அழித்துக்கொண்டிருக்கும் மனிதரை என்ன சொல்வது! எரிச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. அங்கே மூன்று பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஆரஞ்சுப் பூப்போட்ட சட்டை. திரைச்சீலை தைத்து மிஞ்சிய துணியில் அவளே அவருக்குத் தைத்துக் கொடுத்தது. உலகத்தில் வேறு யாரும் அதைப் போட்டுக்கொள்ளத் துணியமாட்டார்கள்.

சிரிப்பு அப்படியே நின்றது. காற்றடித்தபோது அவர் சுவரை விட்டு விலகி ஆடி, ஒரு காலை ஊன்றி மறுபடி சுவரோடு ஒட்டினார். கையில் இருந்த பிரஷ் அதன் பாட்டுக்கு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"தெரிஞ்ச ஆளாம்மா?" டீக்கடைக்காரர் வெளியே வந்து, வாயருகே கையைக் குவித்தார். "ஒரு சத்தம் போட்டா திரும்பிருவாங்க."

அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ வேணாம்ணே, கூப்பிடாதீங்க. நான் வந்ததே அவருக்குத் தெரிய வேணாம்." குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "முதல்ல தரையில கால வைக்கட்டும்."