யேசுபாதம் அண்ணன் வாசித்த மூன்றாவது வரி

போன ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு போட்டி. என் மருமகளின் தங்கை மகள் வாசிக்கிறாள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். நன்றாகவே வாசித்தாள். ஓர் இடத்தில்கூட விரல் தடுமாறவில்லை. நடுவர் உதட்டைப் பிதுக்கி, "நோட்ஸ் எல்லாம் கரெக்ட்தாம்மா, ஆனா ஃபீல் வரல" என்றார். அது என்ன, பார்சலில் வர வேண்டிய சாமானா? அடுத்து ஏற வேண்டிய பையனை அவன் அம்மா மேடை ஓரமாக நிறுத்தி, தலைவலித் தைலத்தைத் தொட்டு அவன் கண்ணுக்குக் கீழே தடவினாள். என் கண்ணால் பார்த்தேன். பையன் கண்ணீரும் மூக்குமாக மேடையேறிப் பாதிப் பாட்டைத் தப்பாக வாசித்தான். மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தவன், திரும்பி உள்ளே போகவில்லை.

அந்தத் தைல வாசனைக்கும் எனக்கும் பழைய பகை. அதைச் சொல்ல வேண்டுமானால் பேண்ட் செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரும்புக் கம்பி உருட்டும் ஒரு கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எளாவூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். அங்கே வேலை செய்தவர்களில் சிலர் சேர்ந்து ஒரு பேண்ட் செட் வைத்திருந்தார்கள். லீவு நாளில் கல்யாணமோ, மாதா கோயில் திருவிழாவோ, சாவோ, எது வந்தாலும் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போவோம். போவோம் என்று பெருமையாகச் சொல்கிறேனே, நான் வெறும் சைடு டிரம். சங்கீத ஞானம் சுத்தமாகக் கிடையாது. டிரம்மைத் தூக்கத் தோள் வேண்டும், அது இருந்தது, சேர்த்துக்கொண்டார்கள்.

டிரம்பெட் வாசித்தவர் ஆரம்பாக்கத்து யேசுபாதம் அண்ணன். கம்பெனியில் லேத் வேலை. வாசிக்கும்போது அவர் முகம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் முகம் மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுரமும் அதனதன் இடத்தில் போய் உட்காரும். கிளாரினெட் கோபி இதற்கு நேர் எதிர். சாவு ஊர்வலத்தில் கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஒப்பாரி மாதிரி இழுஇழு என்று இழுப்பான். பாதி சுரம் தப்பு. ஆனால் கன்னத்தில் கண்ணீர் வழியும். சாவு வீட்டுத் தெருமுனையில் நின்று, பையிலிருந்து தைலத்தை எடுத்துக் கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டுதான் உள்ளே வருவான். செத்தது ஆணா பெண்ணா என்றுகூட விசாரிக்க மாட்டான். ஏன்டா இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"கரெக்டா வாசிச்சிக்கினு இருந்தா எவன் நைனா திரும்பிப் பாப்பான்? நாம அழுதாத்தான் ஜனம் அழுவும்."

ஜனமும் அவனைத்தான் கொண்டாடியது. யேசுபாதம் அண்ணனுக்கு 'மிஷின்' என்று பெயர் வைத்தார்கள்.

அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா கோயில் பாடகர் குழுவில் பாடியவர். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது பாடுகிற கீர்த்தனை ஒன்று உண்டு. அதன் மூன்றாவது வரி மேலே ஏறி, ஒரு சின்ன வளைவு வளைந்துதான் இறங்க வேண்டுமாம். எந்த பேண்ட் செட்டும் அந்த வளைவை எடுப்பதில்லை. எங்கள் செட்டும் சேர்ந்துதான். "அந்த வளைவுல திரும்பாம நேரா போயி சுவத்துல முட்டிக்கிறீங்க" என்று அக்கா கிண்டல் செய்வார். நான் கோயிலுக்குள் போய் அவர் பாடிக் கேட்டதில்லை. அதனால் வளைவு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு உடம்புக்கு வந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்களில் சாப்பாட்டு வேளையில் அண்ணன் டிபன் பாக்ஸ் மூடியின் மேல் மூன்று விரல்களை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருப்பார். டிரம்பெட்டில் மூன்று பொத்தான்தான்.

"இன்னாண்ணே பண்றீங்க?"

"உங்க அக்கா கேட்டுக்கினா. என்னியக் குழியில எறக்குறப்பவாவது அந்த எடத்த ஒழுங்கா வாசின்னு." சொல்லிவிட்டு மறுபடியும் மூடியை அழுத்த ஆரம்பித்தார். சோறு அப்படியே இருந்தது.

அக்காவின் அடக்கத்தன்று, நீங்கள் வாசிக்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். அவர் கேட்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் நின்றார். முதல் வரியும் இரண்டாவது வரியும் அவ்வளவு சுத்தமாக வந்தன. கூட்டத்தில் ஓர் அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "இன்னா மனுசன்டி இவன்! பொண்டாட்டியப் பொதைக்கிறான், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியில்ல" என்றாள். கோபிக்கு அது போதும். முன்னால் பாய்ந்தான். தைல வாசனை குப்பென்று அடித்தது. மண்ணில் மண்டியிட்டு, கிளாரினெட்டை வானத்துக்குத் தூக்கி அலறவிட்டான். கூட்டம் ஓவென்று கதறியது. நான் டிரம்மை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துப் பார்த்தேன். அண்ணன் கன்னம் உப்பியிருந்தது, விரல்கள் ஏறி இறங்கின. அந்த அலறலிலும் கதறலிலும் அவர் சத்தம் மட்டும் கேட்கவில்லை. பெட்டி இறங்கிவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகு டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"மூணாவது வரி கேட்டுச்சாப்பா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கேக்கலண்ணே."

"வாசிச்சேன்" என்றார். "சரியாத்தான் வாசிச்சேன்."

எங்களுக்குப் பின்னால் கோபியைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோபிக்கு! ஒருவர் ஓடிப்போய் அவனுக்கு சோடா வாங்கி வந்தார். அந்த அருவருப்பு இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு துளிகூடக் குறையவில்லை.

அதன் பிறகு அண்ணன் டிரம்பெட்டைத் தொடவில்லை. பேண்ட் செட்டும் கலைந்தது. இப்போது சாவுக்கு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறார்கள். அண்ணன் போனபோதும் அதுதான். ஆரம்பாக்கத்துப் பக்கம் போனால், கோயிலுக்குப் போகும் பெரியவர்கள் யாரையாவது பிடித்து, அந்த மூன்றாவது வரி எப்படிப் போகும் என்று கேட்பேன். மறுக்காமல் பாடிக் காட்டுவார்கள். கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, உருகி உருகிப் பாடுவார்கள். எல்லோரும் நேராகத்தான் இறங்குகிறார்கள்.