தண்ணீர் பழகும் வரை

கோயிலில் சாவு மணி விட்டுவிட்டு அடித்தபோது நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். யாரோ வயதானவராக இருக்கும் என்று நினைத்து அரிசியைக் களைந்தேன். பள்ளிக்கூடத்துக் காவல்காரர் வேதமுத்து வாசலில் வந்து நின்று தலைப்பாகையைக் கழற்றினார். "எஸ்தர் டீச்சரம்மா போயிட்டாவம்மா. காய்ச்சல் விடவே இல்ல" என்றார். உலையை இறக்கி வைத்துவிட்டு, கட்டிய சேலையோடு ஓடினேன்.

பாளையங்கோட்டையில் பாதிப் பேர் அடக்கத்துக்கு வந்திருந்தார்கள். அழுதேன், வாய்விட்டே அழுதேன். கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது: "பாவம், கல்யாணமும் இல்ல, காட்சியும் இல்ல. மீனைப் பாத்தே காலத்தப் போக்கிட்டா." என் அழுகை அங்கேயே நின்றுவிட்டது. அக்காவைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாவமாம்! எஸ்தர் அக்காவுக்குப் பாவம் பார்க்க இந்த ஊரில் யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

அக்காவும் நானும் ஒரே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவருக்குக் கணக்கும் இயற்கைப் பாடமும். எனக்குத் தமிழும் தையலும். பின்வாசல் கிணற்றடியில் ஒரு கல்தொட்டி கிடந்தது. தாமிரபரணி கடலோடு சேரும் பக்கத்திலிருந்து ஒரு மாணவியின் தகப்பனார் மண்பானையில் கொண்டுவந்து கொடுத்த மீன்களை அக்கா அதில் வளர்த்தார். செல்லக்காசு என்பார்கள். காசு போல வட்டம், மஞ்சள் உடம்பு, விலாவில் கறுப்புப் பொட்டு. மற்ற மீன்களில் பெரும்பாலானவை முட்டையைப் போட்டுவிட்டுத் தம் வழியே போய்விடும். இந்த மீனில் ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றிக் காவலிருந்து குஞ்சுகளை வளர்க்கும். அக்கா பிள்ளைகளைத் தொட்டியைச் சுற்றி நிறுத்திச் சொல்வார்: "ஏட்டி, நல்லா பாத்துக்கிடுங்க. இங்கன அப்பனும்தான் பிள்ளை பாக்குதான். உங்க வீட்டுல எப்படின்னு நான் கேக்கல." பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்டுவிட்டார்கள். தகப்பன்மார் சிலர் சண்டைக்கு வந்தார்கள். அக்கா அவர்களையும் தொட்டியடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்.

பள்ளிக்கூட மானேஜர் ஐயாவுக்கு இந்த மீன்களால் கிடைத்த பேர் பிடித்துப்போனது. பட்டணத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரைசானி பார்வையிட வருகிறார் என்றதும் முன்வாசலில் புதுத் தொட்டி கட்டினார். மூன்று பக்கம் சுண்ணாம்புக் காரை, முகப்பில் கண்ணாடி. கொத்தனார் தேய்த்த தேய்ப்பில் சுவர் முட்டை ஓடு போல மின்னியது. ஆற்றுத் தண்ணீரை நிரப்பி, "மீனை விடுங்கம்மா" என்றார் ஐயா. அக்கா விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சுண்ணாம்பு கடிக்குது ஐயா. விட்டா செத்துரும்."

"தண்ணி பளிங்கா கிடக்கு. தாமிரபரணித் தண்ணியில மீன் சாகுமாக்கும்?"

"ஆறு ஓடுது. இது நிக்குது. மீன் தண்ணிக்குப் பழகுதது இருக்கட்டும், முதல்ல தண்ணி தொட்டிக்குப் பழகணும்."

"நாளைக் கழிச்சு துரைசானி வருதாவம்மா!"

"முடியாது ஐயா."

"அப்ப உங்களுக்கு இங்கன வேலை இருக்காது."

"வேலைய எடுத்துக்கிடுங்க. மீன் மேல கைய வைக்காதீங்க."

பக்கத்தில் நின்ற நான் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தேன். அக்காவின் முந்தானைகூட அசையவில்லை. துரைசானி வந்த அன்று புதுத் தொட்டியில் வாழைத்தண்டுத் துண்டுகள்தான் மிதந்தன. சுண்ணாம்பின் காரத்தை அவை இழுக்கும் என்று அக்கா போட்டு வைத்திருந்தார். அந்த அம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இது என்ன மீன் என்று கேட்டார். மானேஜர் ஐயாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அக்கா அந்த அம்மாளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கல்தொட்டியில் குஞ்சு மேய்க்கும் ஜோடியைக் காட்டினார். துரைசானி சிறுபிள்ளை போலக் கைதட்டினார். அதனால் அக்காவின் வேலை தப்பியது.

தண்ணீரைக் கொட்டிக் கொட்டி நிரப்பி, நாக்கில் கடிப்பு அடியோடு நின்ற பிறகுதான் மீன்களை மாற்றினார். பழைய தொட்டியின் மணலும், பாசி பிடித்த கற்களும், பாதித் தண்ணீரும் முதலில் புதுத் தொட்டிக்குப் போயின. மீன்கள் இருந்த பானையைப் புதுத் தொட்டியில் மிதக்கவிட்டு, புதுத் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பானைக்குள் ஊற்றினார். "பைய, பைய. பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போகுது" என்று எனக்கும் சொல்லித் தமக்கும் சொல்லிக்கொண்டார். கண்ணாடியைத் தம் பழைய சேலையால் மூடினார். மீன்கள் கறுத்துப்போய், செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடந்தன. நிறம் திரும்பும் மட்டும் ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது என்று உத்தரவு.

நம் ஊர்க்காரர்களுக்கு மீனைக் கண்டால் கை தானாகப் பொரியை அள்ளும். பாபநாசம் படித்துறையில் பழகிய கை அல்லவா! மகளைப் பார்க்க வந்த ஆற்றங்கரைப் பெரிய வீட்டு அம்மாள் ஒருவர், கண்ணாடி மேல் கிடந்த சேலையை விலக்கிவிட்டு, பொரியை அள்ளிக் கையை ஓங்கிவிட்டார். அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வாயில்லாச் சீவனுக்குப் போடுதது புண்ணியம் டீச்சர். கைய விடுங்க."

"ஆத்துல போடுங்கம்மா, தண்ணி அடிச்சிட்டுப் போயிரும். இங்கன போட்டா இங்கனயே கிடந்து அழுகும். உங்க புண்ணியம் எம் மீனைக் கொன்னுரும்."

மகளையே பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவேன் என்று அந்த அம்மாள் சத்தம் போட்டார். "நிறம் திரும்பட்டும். நானே ஆள் அனுப்புதேன், உங்க கையாலயே போடுங்க" என்றார் அக்கா. மீன்கள் மறுபடி மஞ்சளாகி, ஒரு ஜோடி முட்டையிடக் கல்லைச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் ஆள் அனுப்பவும் செய்தார். அம்மாள் பட்டுச்சேலையில் வந்தார். அக்கா அவர் கையில் கொடுத்தது ஒரு சிரட்டை கொசுப்புழு. முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் நல்ல சிநேகிதிகள் ஆனார்கள். அடக்கத்தன்று என் தோளில் சாய்ந்து அழுதது அவர்தான்.

அக்காவின் கல்லறை மண் இன்னும் காயவில்லை. இன்று காலை வேதமுத்து மறுபடி என் வாசலில் வந்து நின்றார். மானேஜர் ஐயா தம் பங்களாத் தோட்டத்தில் புதுத் தொட்டி கட்டியிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்களாம். மீன்களை அனுப்ப வேண்டுமாம். முன்வாசல் தொட்டியில் இப்போது ஒரு ஜோடி குஞ்சுகளோடு திரிகிறது. இந்த நேரத்தில் கலைத்தால் மிரண்டுபோய்த் தம் குஞ்சுகளைத் தாமே தின்றுவிடும். பங்களாவுக்கே போனேன். கட்டியவர் அதே கொத்தனார்; சுவரில் அதே மினுக்கம். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். சுருக்கென்று கடித்தது.

எஸ்தர் அக்கா உனக்கு என்ன விட்டுவிட்டுப் போனார் என்று கேட்கிறார்கள். கண்ணாடியை மூடிய அந்தச் சேலை என்னிடம் இருக்கிறது. சிரட்டை இருக்கிறது. ஒரு பேச்சும் இருக்கிறது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று அதைக் கேட்டேனே ஒழிய, என் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. "என்னம்மா, மீனை எப்ப அனுப்புதீய?" என்று மானேஜர் ஐயா கேட்டார். குரல் நடுங்கத்தான் செய்தது. நடுங்கினால் என்ன, சொல்லிவிட்டேன்.

"முடியாது ஐயா."