இரண்டு எஞ்சின் பார்க்கப் போனோம்

குற்றாலத்தில் சீசன் கூட்டம். அதனால் அருவிக்குப் போகாமல் என் இரண்டு பிள்ளைகளையும் தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு ரயிலில் கூட்டிப்போனேன். மலையேற அங்கே ரயிலுக்குப் பின்னாலும் ஓர் எஞ்சின் மாட்டுவார்கள். அதைக் காட்டிவிட்டுத் திரும்புவதாக எண்ணம். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தே பார்த்தோம். அதுதான் தப்பு. மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது!

"ஏட்டி, இறங்கு!" என்று மகளிடம் கத்துவதற்குள் பிளாட்பாரம் போய்விட்டது.

"இனி ஆரியங்காவுலதான் நிக்கும், பயப்படாதிய" என்றார் எதிரே இருந்த அண்ணாச்சி. எங்களிடம் இருந்ததோ செங்கோட்டை வரைக்கும்தான் டிக்கெட். அதற்குள் மலையைக் குடைந்த குகைக்குள் வண்டி நுழைந்தது, கும்மிருட்டு! மகள் அழுவாளென்று இறுக்கிப் பிடித்தால், "அம்மா, இன்னொருக்க போவோம்!" என்று குதிக்கிறாள்.

ஆரியங்காவில் விவரம் சொல்லிப் பணம் கட்டித் திரும்பினோம். இப்போதெல்லாம் லீவு விட்டால் ஆரியங்காவுக்கே டிக்கெட் எடுத்துவிடுகிறேன். குகைக்குள் முதலில் கூச்சல் போடுவதும் நான்தான்!