காய்ச்சல் அக்கா

நிற்கிற காரின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள், பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. இந்தக் காலத்து வண்டிகள் பூனை ஜாதி. ஓடுவது வெளியே தெரியாது. லேசாக அதிர்ந்தால் போதும், கண்ணாடியில் இரண்டு தட்டு.

"காய்ச்சல் அடிக்குது. கொஞ்சம் அணைச்சிடுங்க."

நகராட்சியின் காற்றுத் தரப் பிரிவில் ஆய்வாளர் வேலை. ஓட்டுநர்கள் வைத்த பெயர் காய்ச்சல் அக்கா.

விளக்குக் கம்பங்களில் விரல் நீளக் குப்பிகளைக் கட்டுவதும் அவள்தான். ஒரு மாதம் தொங்கிய குப்பியை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அந்த இடத்தில் எவ்வளவு வண்டிப் புகை என்று தெரிந்துவிடும். கேமரா என்று எண்ணிக்கொண்டு அதன் அடியில் வரும்போது மட்டும் தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறவர் ஒருவர் உண்டு. கொசு மருந்து என்று நினைத்த கடைக்காரர், தன் கடைக்கும் ஒன்று மாட்டச் சொன்னார். யாரையும் அவள் திருத்துவதில்லை. "கழட்டாம இருந்தாச் சரி" என்பாள். அவள் வீட்டில் ரொட்டி கருகினால், அவளுக்குப் பயந்து கணவர் முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டு அப்புறம்தான் அடுப்பை அணைப்பார்.

பள்ளிக்கூட வாசல் குப்பிதான் அவளுக்குத் தீராத தலைவலி. ஊரிலேயே அதிகம் புகை குடித்தது அது. ஒருநாள் பள்ளி விடுவதற்கு முன்பே போய்ப் பார்த்தாள். வரிசையாக வேன்கள், அத்தனையும் ஏசிக்காக ஓடிக்கொண்டிருந்தன. முதல் வேனில் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

தட்டினாள்.

"நீயா? உள்ள வந்து உக்காரு, ஜில்லுனு இருக்கு."

"இஞ்சின அணைங்கண்ணே."

"ஆபீஸ்ல இருந்து வந்திருக்கியா, வீட்ல இருந்து வந்திருக்கியா?"

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பின்னாலிருந்த ஓட்டுநர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அண்ணனை விட்டுவிட்டு அடுத்த வண்டியைத் தட்டினால் ஊர் வாயை மூட முடியாது. பேசாமல் திரும்பிவிடலாமென்றால், வாசலில் வரிசையாக நிற்கப்போகும் சின்னப் பிள்ளைகளின் மூக்கு சரியாகப் புகைக்குழாயின் உயரத்தில் இருக்கும். அபராதச் சீட்டை எழுதி, முன்கண்ணாடி வைப்பருக்கு அடியில் செருகினாள். எழுத்து கோணலாக வந்திருந்தது.

அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டார். அண்ணி மூலமாக ஒரு செய்தி மட்டும் வந்தது: வெயிலில் வண்டிக்குள் அரை மணி உட்கார்ந்து பார்க்கச் சொல்.

மறுநாளே போய் ஏறி உட்கார்ந்தாள். அவர் வேண்டுமென்றே இஞ்சினை அணைத்து, கண்ணாடிகளையும் ஏற்றினார். இறக்கச் சொல்ல அவளுக்கு வீம்பு. இறக்க அவருக்கு வீம்பு. இருவரும் நேராகப் பார்த்தபடி தொப்பலாக நனைந்தார்கள். மணி அடித்ததும் இறங்கி முகத்தைத் துடைத்தவள், அண்ணன் பேச்சிலும் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள், மனசுக்குள்தான்.

பள்ளிக்குப் பக்கத்திலிருந்த நகராட்சி நூலகத்தின் பின்னால் மரம் அடர்ந்த வளாகம் ஒன்று பூட்டியே கிடந்தது. வேன்கள் இஞ்சினை அணைத்துவிட்டு அந்த நிழலில் காத்திருக்கட்டும், மணி அடித்த பிறகு வாசலுக்கு வரட்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டாள். புல் பாழாகிவிடும் என்றார் அவர். அவள் வாதாடவில்லை. நேரில் வந்து பாருங்கள் சார் என்று கூட்டிப்போய், அவரையும் ஒரு வேனில் ஏற்றிக் கதவைச் சாத்தினாள். புல்லைப் பற்றிய கவலை பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

அதன் பிறகு பள்ளி வாசலில் புகை அளவு இறங்கியது. அண்ணன்தான் இறங்கி வரவில்லை. நிழலில் முதல் இடம் பிடிப்பவர் அவர்தான். தங்கையைக் கண்டால் மட்டும் மரத்தின் உச்சியில் என்னவோ தேடுவார்.

போன வாரம் பள்ளி வாசலில் குப்பி மாற்ற ஏறினாள். நடைபாதைக் கல் மேடுபள்ளம், ஏணி ஆடியது. கம்பத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். சட்டென்று ஆட்டம் நின்றது. குனிந்து பார்த்தாள். அண்ணன் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஏணியை இறுக்கிப் பிடித்திருந்தார்.