மெஷின் ஒத்துக்கொள்ளாத முகம்

பாப்பா, தம்பி, இதை இரண்டு பேரும் சேர்ந்தே படியுங்கள். போன வாரம் பாப்பா வாய்ஸ் மெசேஜில் கேட்டாள்: "அப்பா, கம்ப்யூட்டர் மனுசங்களுக்கு எப்படி உதவுதுன்னு ஸ்கூல்ல கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க. உங்க கம்பெனியில பார்த்தது ஏதாவது சொல்லுங்கப்பா." போனில் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இங்கே கல்ஃபில், முசஃபாவில் எங்கள் ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு உள்ளே, சுவரில் ஒரு மெஷின் இருக்கிறது. பெரிய போன் அளவுதான். அதன் முன்னால் முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும். "தேங்க் யூ" என்று ஒரு பெண் குரல் சொல்லும். அன்றைய டியூட்டி பதிவாகிவிடும். முகம் ஒத்துப்போகவில்லை என்றால் சிவப்பு. "ட்ரை அகெய்ன்" என்று அதே குரல் அதே இனிமையோடு சொல்லும். சிவப்போடு நின்றால் அன்றைக்கு ஆப்சென்ட். நான் ஸ்டோர் கீப்பர். கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தட்டத் தெரியும் என்பதால் மெஷினின் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்திருந்தார்கள். புது ஆள் வந்தால் முகத்தைப் பதிவது என் வேலை.

மன்னார்குடி மாமாவை உங்களுக்குத் தெரியும். வீடியோ காலில் என் தோளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "என்ன மாப்ள, கணக்குல எத்தனை முட்டை?" என்று தம்பியைக் கேட்பாரே, அவர்தான். வெல்டர். ரூமில் எனக்குக் கீழ்க் கட்டில் அவருடையது. அவர் உடம்புக்குள் நடந்துகொண்டிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கும் முன்பே அந்த மெஷின் சொன்னது. அதன் வாயை அடைத்தது நான். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதம். காலை ஐந்தரைக்கு வரிசை. மாமா முகத்தைக் காட்டினார். சிவப்பு. தொப்பியைக் கழற்றிவிட்டுக் காட்டினார். சிவப்பு. பின்னால் நின்றவர்கள் விடுவார்களா?

"அண்ணே, பல்லு வெளக்கிட்டு வாங்க. அது மூஞ்சத் திருப்பிக்குது பாருங்க."

"என் பொண்டாட்டியே காலையில என்னைப் பார்த்தா அப்படித்தான்டா பண்ணுவா. இது என்ன பெருசா" என்றார் மாமா.

ஃபோர்மேன் உள்ளேயிருந்து அவசரப்படுத்திக் கத்தினார். "ஜல்தி பாய், ஜல்தி! யல்லா!" நான் நோட்டில் கையால் எழுதி அவரை உள்ளே விட்டேன். சாயங்காலம் கிளம்பும்போது அதே மெஷின் அவருக்குப் பச்சை காட்டியது. "பார்த்தியா மச்சான், பொழுது சாஞ்சா சிநேகமாயிடுது" என்றார்.

ஒரு வாரம் அப்படியே போனது. காலையில் சிவப்பு, மாலையில் பச்சை. வெளிச்சம் சரியில்லை என்று நினைத்தேன். கேமராவைத் துடைத்தேன். நோட்டில் எழுதுவது செல்லாது, மெஷினைச் சரி செய் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் அவரை நிறுத்தி, அப்போது இருந்த முகத்தையே புதிதாகப் பதிந்தேன். பச்சை. வரிசையில் கை தட்டினார்கள். அன்று மாலை சிவப்பு! விழுந்து விழுந்து சிரித்தோம். தேடிப் பார்த்ததில் ஒரே ஆளுக்கு இரண்டு முகம் பதிய வழி இருப்பது தெரிந்தது. மாலை முகத்தையும் பதிந்தேன். இருபது நாள் கழித்துக் காலை முகம் மறுபடி ஒத்துப்போகவில்லை. மறுபடி பதிந்தேன். மொத்தம் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு வேலையை ஒழுங்காக முடித்த திருப்தி எனக்கு.

அந்த நாட்களில்தான் தம்பி வீடியோ காலில், "மாமா, குண்டாயிட்டீங்க" என்றான்.

"கேம்ப் சாப்பாடு மாப்ள. உங்கப்பன் பங்கையும் நான்தான் திங்கறேன்."

நானும் கூடச் சிரித்தேன். தம்பி, நீ அத்தனை தூரத்திலிருந்து பார்த்துச் சொன்னாய். ஒரே ரூமில் படுத்து எழுந்த எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலை அவருக்கு சேஃப்டி ஷூ காலில் ஏறவில்லை. லேஸை முழுதும் உருவிவிட்டுத் திணித்தார். "ஷூ சுருங்கிப்போச்சு மச்சான்" என்றார். மெஷின் முன்னால் நின்றார். பச்சை. "தேங்க் யூ" என்றது. நான்கு அடி வைத்திருப்பார். மூச்சு வாங்கியது. கேஸ் சிலிண்டர் ஸ்டாண்டைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். மாமாவின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோலக் குழியாகவே நின்றது.

"எத்தனை நாளா இந்த வீக்கம்?"

"ரெண்டு நாளா சார்," என்றார் மாமா.

"ரெண்டு நாள்ல இப்படி வராது." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கூட இருக்கறவர்தானே, நீங்க சொல்லுங்க."

வீக்கத்தை நான் கவனித்ததே இல்லை. முட்டி வலிக்கு அவர் தினமும் மாத்திரை போடுவது தெரியும், அதைச் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அப்போதுதான் மெஷின் ஞாபகம் வந்தது. முகம் காட்டும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு போட்டோ எடுத்து, தேதியோடு ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கும். யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

நான் போய்த் திறந்தேன். அவருடைய காலை முகங்களை மட்டும் வரிசையாக நகர்த்தினேன். கண்ணுக்குக் கீழே முதலில் லேசான உப்பல். பிறகு இமை. பிறகு கன்னம். கடைசிப் படங்களில் கண் இரண்டும் கீறல் போல ஆகிவிட்டிருந்தன. எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டே நிற்கிறார். ஸ்கிரீனைப் போனில் படம் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் அறைக்கு வெளியே வந்து பார்த்தார். "காலையில வீங்கும், சாயந்திரம் வடியும். கிட்னி கெட்டா இப்படித்தான். தினம் போட்ட வலி மாத்திரையும் கெடுத்திருக்கும்." ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். "இந்தத் தேதியிலயே வந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்." அது முதல் சிவப்பு விழுந்த நாள்.

அந்தப் படங்களால் எத்தனை நாள் நோய் என்பது தெளிவானது, மருந்தை முடிவு செய்யச் சுலபமாக இருந்தது என்றார். அந்த உதவியும் அதே மெஷின் செய்ததுதான், பாப்பா. அதையும் எழுது.

மாமா இப்போது ஊரில் இருக்கிறார். வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போகிறார். போன் பண்ணினால், "மெஷின் என்னைத் தேடுதா மச்சான்?" என்கிறார். டாக்டர் விரல் வைத்த தேதியை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்போது யாருக்குச் சிவப்பு விழுந்தாலும் உடனே பதிவதில்லை. பழைய போட்டோவைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். காலைக் காட்டச் சொல்கிறேன். "வந்துட்டார்டா டாக்டரு, பேண்ட்ட மடிங்க" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். எண்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோருக்கும் பச்சை எரியும் காலையில்தான் எனக்கு இப்போது அதிகமாகப் பயமாக இருக்கிறது. மாமா உட்கார்ந்துபோனதும் பச்சை எரிந்த காலையில்தான்.

நேற்று முன்தினம், மாமாவின் நம்பரை மெஷினிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தேன். நேற்று லீவு, எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். கீழ்க் கட்டிலில் உட்கார்ந்து பேண்ட்டை மடித்து, என் கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பத்து எண்ணி எடுத்தேன். குழி இல்லை. மறு காலிலும் அழுத்தினேன். பிறகு முதல் காலிலேயே, இன்னும் கொஞ்சம் கீழே, இன்னொரு தடவை.